விட்டுப் போனவரை விசாரித்த கதை

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பொதுக் களஞ்சியத்தில் கிடக்கும் மாட்யூல்களில் எது நல்லது என்று இனி மனிதர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லையாம். எல்லாருடைய மதிப்புரைகளையும் ஓர் இயந்திரம் படித்துவிட்டு, இன்னதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுமாம். அது தந்த முதல் பரிந்துரைப் பட்டியலையும் சேர்த்து அனுப்பி, "அண்ணாச்சி, நீங்க இருந்தப்ப இத எப்படிப் பண்ணுனியன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டிருந்தார்கள். பட்டியலைத் திறந்தேன். முதலிடத்தில் 'ஸ்மூத்' இருந்தது. கடைசியில் 'மானி' இருந்தது. நான் எழுத ஒப்புக்கொண்டது அதைப் பார்த்த பிறகுதான்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சிறு விளக்கம். மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லை. ஒருவர் அரைத்து வைத்த மாவில் ஊரே தோசை சுட்டுக்கொள்ளும். அந்த மாவுதான் மாட்யூல். மாவுச் சட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் இடம் களஞ்சியம். எந்தச் சட்டி புளித்துவிட்டது, எதில் கல் கிடக்கிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவது என் வேலை.

எனக்கு எதையும் நாள் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. வீட்டில் அதை வியாதி என்பார்கள். இந்தக் கட்டுரையில் மாதமும் கிழமையும் தருகிறேன். ஆண்டை மட்டும் விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் பதவி உயர்வு எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொடக்க காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு பஞ்சாலையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் மேல் பஞ்சுத் தூசி படியாமல் துடைக்கச் சொன்னார்கள். துடைத்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். பிறகு ராஜபாளையத்தில் ஆலைகளுக்கும் தறிகளுக்கும் மென்பொருள் எழுதும் நிறுவனம் ஒன்றுக்கு மாறினேன். குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம். தினமும் பஸ்ஸில் போய் வந்ததில் நூலகப் புத்தகங்கள் பாதியைப் படித்து முடித்தேன். மீதிப் பாதியைப் படிக்க விடாமல் செய்தவை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் குடும்பக் கதைகள்.

எங்கள் நிறுவனத்தில் தரக்குழு என்று ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடும். ஒவ்வொரு மாட்யூலையும் ஆராய்ந்து, தகுதியானதற்குப் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்ற பச்சை முத்திரை கொடுக்கும். அந்தக் குழுவில் நான் இடம்பெற்றதற்கு என் அனுபவம் காரணம் என்று பல நாள் நினைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவன் நான் ஒருவன்தான், வரும்போது பால்கோவா வாங்கி வருவேன் என்பதே காரணம் என்று பின்னால் தெரிந்தது. கூட்டம் தொடங்கியதும் முதல் கேள்வி, "எந்தக் கடை?" கடையைச் சொன்னால், "அது பழைய கடையா, பழைய கடைக்குப் பக்கத்துக் கடையா?" என்பார் ஒருவர். "ஒரிஜினல்னு போர்டு போட்டுருக்கா? போட்டுருந்தா அது இல்ல" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடி, விறகடுப்பா கேஸா என்று தீர்ப்புச் சொல்வார். இப்படி ஒரு கால் கிலோ பண்டத்தை அரைமணி நேரம் ஆராய்ந்துவிட்டு, ஏழெட்டு மாட்யூல்களுக்கு டீ ஆறுவதற்குள் முத்திரை குத்திவிடுவோம். ஆலைகளெல்லாம் அதை நம்பித்தான் ஓடின.

முத்திரைக்கு ஆதாரம் மதிப்புரைகள். பயன்படுத்தியவர் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டு, கீழே இரண்டு வரி எழுத வேண்டும். பெருநகரங்களில் இது எப்படி நடக்கிறதோ தெரியாது. எங்கள் ஊரில் எழுதியவரும் மதிப்பிடுகிறவரும் அடுத்த முகூர்த்தத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். ஆகையால் மதிப்புரைகள் பெரும்பாலும் 'அருமை', 'மிக அருமை', 'மேலும் வளர்க' என்றே இருந்தன. ஒருவர் 'பல்லாண்டு வாழ்க' என்று எழுதியிருந்தார். அது தறியில் ஓடிய துணியின் நீளத்தை அளக்கும் மாட்யூல்.

இந்த நிலையில்தான், ஒரு தை மாதத் திங்கட்கிழமை, சுப்புலட்சுமி மேடம் தரக்குழுவுக்குத் தலைவராக வந்தார். ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. முன்னால் ஒரு பென்சிலும் ஒரு தம்ளர் வெந்நீரும் இருக்கும். நாம் ஒரு மாட்யூலைப் புகழ்ந்து பேசப் பேச, தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். முடித்ததும் ஒரே ஒரு சொல் சொல்வார்.

"பொறவு?"

நாம் மறுபடி புகழ்வோம். மறுபடி "பொறவு?" மூன்றாவது தடவை பெரும்பாலானவர்களிடம் சரக்கு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வாயில் வருவதுதான் உண்மையான மதிப்புரை. "எல்லாம் சரிதான் மேடம், என்ன, ஞாயித்துக்கிழமையானா செத்த நேரம் நின்னு போகும்" என்று தானாக வெளியே வரும். பென்சில் அப்போதுதான் அசையும்.

முதல் கூட்டத்திலேயே பால்கோவாத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு மேடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, ஒங்க வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தா யார்கிட்ட விசாரிப்பிய?"

"தெருவுல. டீக்கடையில. அவரு வேலை பாக்குற எடத்துல."

"மாப்பிள்ளையோட சித்தப்பா கிட்டக் கேக்க மாட்டியளா?"

"அவரு தங்கம்னுதான மேடம் சொல்லுவாரு."

"அப்ப மாட்யூலுக்கு மட்டும் ஏன் சித்தப்பாமாரு கிட்டயே கேட்டு எழுதி வச்சிருக்கோம்?" என்றார். குழுவில் இருந்த சித்தப்பாமார்கள் வெந்நீர்த் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய முறை இதுதான். புகழுரையைக் கடைசியில் படிக்க வேண்டும். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கில், தானாகத் தேடி எடுத்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டும். நல்ல தகவல்களைத் தீனியாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. கெட்டுப்போனதைக் கொடுத்து, என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பரிந்துரை எழுதினால், எந்த இடத்துக்கு ஆகும், எந்த இடத்துக்கு ஆகாது என்று இரண்டையும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு காலத்தில் அதை எடுத்து, பிறகு நீக்கியவர் யார் என்று கண்டுபிடித்து, அவரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். களஞ்சியத்தில் யார் எதை என்றைக்குச் சேர்த்தார், என்றைக்கு நீக்கினார் என்பதெல்லாம் பதிவாகும். ஏன் நீக்கினார் என்பது மட்டும் பதிவாகாது. அதைத் தெரிந்துகொள்ள பஸ் ஏற வேண்டும்.

"கட்டிக்கிட்டவ நல்லவருன்னுதான் சொல்லுவா அண்ணாச்சி. வேற வழி இல்ல. தீத்துக்கிட்டுப் போனவளக் கேளுங்க."

இனி ஸ்மூத்துக்கு வருகிறேன்.

அதை எழுதியவர் பிரபு. பிரபுவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கலே அதுதான். யார் வீட்டுக் காதுகுத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். யார் அம்மாவுக்கு எந்தக் கண்ணில் புரை என்பது வரை நினைவு வைத்து விசாரிப்பார். ஸ்மூத்தும் அவரைப் போலவே. வெப்பமானி, அழுத்தமானி போன்றவற்றிலிருந்து வரும் அளவுகளை வாங்கித் திரையில் காட்டுவது அதன் வேலை. இடையில் ஓர் அளவு வராமல் போனால் பதறாது. கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கும். திரையில் சிவப்பு என்பதே கிடையாது. ஆலை வரவேற்பறையில் பெரிய டிவி மாட்டி, ஓட்டத்தின் படத்தை விருந்தாளிகளுக்குக் காட்ட ஒரு முதலாளி ஆசைப்பட்டார். படம் விட்டுவிட்டுத் தெரிந்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதற்காக எழுதியது ஸ்மூத். அந்த டிவிக்கு அது பொருத்தமான மாட்யூல்தான்.

ஆனால் அதற்குக் களஞ்சியத்திலேயே அதிக நட்சத்திரம். அதிகப் பேர் பயன்படுத்துவதும் அதுவே என்றது அறிக்கை. மேடம் சொன்னபடி நான் தோண்டிப் பார்த்தேன். புதிதாக எந்த வேலையைத் தொடங்கினாலும் ஓர் ஆரம்ப அச்சு கொடுப்பார்கள்; அதற்குள்ளேயே ஸ்மூத் வைக்கப்பட்டிருந்தது. பந்தியில் எல்லார் இலையிலும் உப்பு வைத்துவிட்டு, ஊரே உப்பை விரும்பிக் கேட்டு வாங்கியது என்று அறிக்கை எழுதியிருந்தோம். நட்சத்திரம் ஒரு பெரிய எண்ணைத் தாண்டிய அன்று பிரபு எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நானும் தின்றேன். நல்ல லட்டு.

அதே வேலைக்கு இன்னொரு மாட்யூல் இருந்தது. பெயர் மானி. எழுதியவர் தேவசகாயம். வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வைப்பதா என்று யோசிக்கும் மனிதர். யோசித்து முடிப்பதற்குள் நாம் கடந்து போய்விடுவோம். மானியின் விளக்கக் குறிப்பு இரண்டே வரி. 'அளவு வந்தால் காட்டும். வராவிட்டால் கத்தும்.' மூன்று பேர் பயன்படுத்தினார்கள். மூவரும் மூன்று நட்சத்திரம் போட்டு, 'தொல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

ஆவணி மாதத்தில் மாரிச்சாமி எங்களிடம் வந்தார். சேத்தூர் போகும் சாலையில் காஸ் துணி வெட்டி, மடித்து, பொட்டலம் போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவர். புண்ணில் வைத்துக் கட்டும் துணி அது. பொட்டலத்தை ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிப் பெட்டியில் வைத்து, நூற்று இருபத்தொரு டிகிரியில், விதித்த நேரம் வரை வேகவைக்க வேண்டும். சூடு சரியாக ஏறியதா என்று மென்பொருள் பார்த்துத் 'தேர்ச்சி' என்று சொன்னால்தான் பொட்டலம் வெளியே போகலாம். அவருடைய பெட்டி வேறொருவரிடமிருந்து வாங்கியது. வெப்பமானியின் வயர் அவ்வப்போது தொடர்பு விட்டுப் போகும்.

"ஏற்கனவே ஒண்ணு வச்சிருந்தேன். எந்நேரமும் செவப்பு செவப்பாக் காட்டி உசுர வாங்கிருச்சு. செவப்பே வராத சாமானாப் பாத்துக் குடுங்க" என்றார் மாரிச்சாமி.

"ஒங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு அண்ணே" என்றார் பிரபு. நட்சத்திரங்களைத் திரையில் காட்டினார். மாரிச்சாமி அசந்துபோனார். "இம்புட்டுப் பேரா சொல்லியிருக்காவ?"

வெந்த துணியையும் வேகாத துணியையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் வெள்ளை. வேகாதது போய் யாரோ ஒருவரின் புண்ணின் மேல் உட்காரும். சீழ் வைத்த பிறகு தேடிக்கொண்டு வருகிறவர்கள் எங்களிடம் வர மாட்டார்கள். பொட்டலத்தில் பெயர் போட்டிருக்கும் மாரிச்சாமியிடம் போவார்கள். மேடம் ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஸ்மூத்த வச்சிருந்துட்டுக் கழட்டி விட்டவிய யாராவது இருக்காவளா அண்ணாச்சி?"

இருந்தார். எங்களிடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊரான கான்சாபுரத்தில், தோட்டத்துக் கிணறுகளுக்குத் தானியங்கி மோட்டார் அமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த உதுமான். ஆவணி இரண்டாவது வெள்ளிக்கிழமை, வத்திராயிருப்பு பஸ் பிடித்துப் போனேன். தொழுகை முடிந்து வந்து கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, பொண்ணு பாக்க வந்தவிய மாதிரி தேய்ச்ச சட்டையில வந்திருக்கிய?"

"மாப்பிள்ளையப் பத்தி விசாரிக்க வந்தேன்."

"எந்த மாப்பிள்ளை?"

"ஸ்மூத்."

உதுமான் தெருவை ஒரு பார்வை பார்த்தார். "டீ சொல்லட்டுமா?"

"சொல்லு. பொறவு?"

"நல்ல பய அண்ணாச்சி அவன். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டான்."

"அப்பொறம் ஏன் தள்ளி வச்ச?"

"அதுக்காகத்தான்."

டீ வந்தது. பாதி குடித்த பிறகு சொன்னார். "ஒரு தென்னந்தோப்புக் கெணத்துக்கு அவனத்தான் போட்டிருந்தேன். தண்ணி மட்டம் பாத்துச் சொல்லணும். தண்ணி இருந்தா மோட்டார் ஓடும், இல்லைன்னா நிக்கணும். அம்புட்டுத்தான் வேலை. அணிலு ஒண்ணு வயரக் கடிச்சிருச்சு. கெணறு வத்திப் போச்சு. இவன் என்னடான்னா வயரு கடிபடுறதுக்கு முந்தி இருந்த தண்ணியவே காட்டிக்கிட்டு இருக்கான். மோட்டாரு வெறும் ஓட்டம் ஓடிக் கருகிப் போச்சு. தோட்டக்காரரு கருகுன மோட்டார மாட்டு வண்டியில கொண்டாந்து இந்தா, இந்த எடத்துல போட்டாரு. 'ஏலே, ஒன் கம்ப்யூட்டர்லதான் தண்ணி கெடக்கே, அத எடுத்து என் தென்னைக்குப் பாச்சு'ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"ஆனா நீ ஸ்மூத்துக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கியேப்பா."

"போட்டேன்."

"மோட்டாரு கருகுறதுக்கு முந்தியா?"

"அவனக் கழட்டி விட்ட பொறவு." உதுமான் தம்ளரைக் கழுவினார். "கழட்டி விட்டது பிரபுவுக்குத் தெரிஞ்சு போச்சு. போனப் போட்டு, 'என்னண்ணே, எம் மேல எதுவும் வருத்தமா'ன்னு கேக்காப்ல. எங்க வாப்பாவ மதுரை ஆஸ்பத்திரியில வச்சிருந்தப்ப ரெண்டு ராத்திரி கூட இருந்த பய. எப்படிச் சொல்லுவேன்? ஒரு கல்யாணத்துக்குப் போக முடியலைன்னா என்ன செய்வோம் அண்ணாச்சி? மொய்யக் கூட்டி அனுப்புவோமா இல்லையா? அப்படித்தான்."

திரும்பும் பஸ்ஸில் அன்று நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மற்றவர்களையும் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கேட்டேன். ஸ்மூத்தை நீக்கியவர்கள் எல்லாருமே ஐந்து போட்டிருந்தார்கள். மூன்று, நான்கு போட்டிருந்தவர்கள் இன்னும் அதோடுதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூடவே குடித்தனம் நடத்துகிறவர்தான் மூன்று போடுவார். கைகழுவிவிட்டுப் போகிறவர் தாராளமாக ஐந்து கொடுப்பார். நாங்கள் இத்தனை காலம் கூட்டிக் கழித்துச் சராசரி எடுத்து முத்திரை குத்தியது இந்தத் தாராளத்தைத்தான்.

மேடத்திடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "சரே" என்றார் தெலுங்கில். "நாம சொன்னா நம்ப மாட்டாவ. மாரிச்சாமி கண்ணால பாக்கட்டும்."

அடுத்த புதன்கிழமை காலை மாரிச்சாமியின் இடத்துக்கு மேடம், பிரபு, தேவசகாயம், நான் நால்வரும் போனோம். பிரபு பெட்டியோடு ஸ்மூத்தை இணைத்தார். பெட்டியில் பொட்டலம் எதுவும் வைக்க வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். நீராவி ஏறியது. திரையில் நூற்று இருபத்தொன்று. பச்சை எழுத்து. பிரபு பெருமையாக எங்களைப் பார்த்தார்.

"அந்த வயரக் கழட்டுங்க" என்றார் மேடம்.

தேவசகாயம் கழற்றினார். திரையில் நூற்று இருபத்தொன்று. நீராவியை அடைக்கச் சொன்னார். நூற்று இருபத்தொன்று. ஆவி வெளியேறிய பிறகு கதவைத் திறந்து போடச் சொன்னார். "வாங்க, டீ குடிச்சுட்டு வருவோம்" என்றார். போய், ஆளுக்கு ஒரு டீயும் வடையும் முடித்துவிட்டு, பெட்டி ஆறும்வரை மாரிச்சாமியின் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தோம். திறந்து கிடந்த பெட்டி. திரையில் நூற்று இருபத்தொன்று. மேடம் அடுத்த சுற்றைத் தொடங்கச் சொன்னார். வெறும் பெட்டி, திறந்த கதவு, மூடிய நீராவி. விதித்த நேரம் முடிந்ததும் பச்சை நிறத்தில் 'தேர்ச்சி' என்று வந்தது.

மாரிச்சாமி பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு தலையையே விட்டுப் பார்த்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "சில்லுன்னு இருக்கே."

தலையை வெளியே எடுத்தவர் பிரபுவைப் பார்த்தார். "தம்பி, இது வச்சா எனக்குப் பாய்லரே வேண்டாம் போலயே. வெறகு மிச்சம்."

"அண்ணே, அது வந்து, அளவு விட்டுப் போனாப் பாக்கிறவங்க பதட்டப்படக் கூடாதுன்னு..."

"நான் பதட்டப்படணும் தம்பி. எம் பேருதான பொட்டலத்துல இருக்கு."

தேவசகாயம் அன்று முழுதும் பேசிய ஒரே சொல், வயரைத் திரும்ப மாட்டும்போது, "மாட்டிட்டேன்."

புரட்டாசி முதல் சனிக்கிழமைக் கூட்டத்தை என் ஆயுளில் மறக்க மாட்டேன். ஸ்மூத்தின் முத்திரையை எடுப்பதா என்பது பொருள். பொது மேலாளரும் வந்திருந்தார். "லட்டெல்லாம் தின்னாச்சே மேடம், இப்ப எப்படி எடுக்கிறது?" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. வரவேற்பறை டிவிக்கு ஏற்ற மாட்யூல் என்று எழுதி, முத்திரை இருக்கட்டும் என்றார் மேடம். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தார். 'அளவு வராததை மறைக்கும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் வைக்கக் கூடாது.' ஆரம்ப அச்சிலிருந்து அதை எடுத்துவிட வைத்தார். அத்துடன் புது விதி ஒன்று. இனி எந்தப் பரிந்துரையும், அந்த மாட்யூலில் ஒரு குறையையாவது எழுதியவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

"குறையே இல்லைன்னா?" என்றார் பொது மேலாளர்.

"அப்ப அவிய பயன்படுத்தல சார்."

பிரபுவைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு என்னிடம் வந்து, "உதுமான் அண்ணன் மோட்டார் கருகுனத எங்கிட்டச் சொல்லவே இல்லையே அண்ணாச்சி. சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே" என்றார். கண் கலங்கியிருந்தது. நட்சத்திரங்களைக் கொட்டிக் கொடுத்தவர்களில் ஒருவரும் அவருக்கு அந்த ஓர் உதவியைச் செய்யவில்லை.

குறை எழுத வேண்டும் என்றதும் ஊரார் பட்ட பாடு சொல்லி முடியாது. முதல் மாதம் வந்த குறைகள் சிலவற்றை நினைவில் வைத்திருக்கிறேன். 'ஒரே குறை, இது முன்பே வந்திருக்க வேண்டும்.' 'இதைப் போல் இன்னொன்று இல்லாதது குறை.' 'எழுதியவர் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.' ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் 'பொறவு?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார் மேடம். மூன்றாவது மாதத்தில்தான் மனிதர்களுக்குக் குறை எழுதக் கை வந்தது. பழகிய பிறகு நிறுத்த முடியவில்லை. என் பால்கோவாவையும் விடவில்லை. சர்க்கரை தூக்கல் என்று எழுத்தில் வந்தது.

மாரிச்சாமி மானியை வைத்துக்கொண்டார். முதல் வாரம் அது விடாமல் கத்தியது. வயர் விட்டுப் போகும்போதெல்லாம் சிவப்பு விளக்கு, மணி. அதோடு தேர்ச்சி கொடுக்க மறுத்துவிடும்; முழுச் சுற்றையும் திரும்ப ஓட்ட வேண்டும். ஐப்பசியில் அவருடைய மதிப்புரை வந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். 'நாள் பூராவும் கத்துகிறது. இது இருக்கும் இடத்தில் மனிதன் இருக்க முடியாது. வேறு வழியில்லாமல் வயரையும் வெப்பமானியையும் புதிதாக மாற்றினேன்.'

தேவசகாயத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தார். கடைசி வரியை மட்டும் இரண்டாம் முறை வாசித்தார். "ம். மாத்திட்டாரா" என்றார். முகத்தில் அப்போது வந்ததைச் சிரிப்பு என்று சொன்னால் அவர் மறுக்கலாம்.

வயர் மாறியதும் மணி நின்றது. நட்சத்திரம் மட்டும் ஒன்றிலேயே நின்றது. ஏன் மாற்றவில்லை என்று ஒரு முறை மாரிச்சாமியைக் கேட்டேன். "இப்பத்தான் அது சத்தமே போடலையே அண்ணாச்சி, அது இருக்கதே மறந்து போச்சு" என்றார்.

நான் ஓய்வு பெற்றேன். மேடம் சில காலம் கழித்து வேறு ஊருக்கு மாறிப் போனார். அவருக்குப் பின் வந்தவர், குறை எழுதும் விதி ஊழியர்களின் உற்சாகத்தைக் கெடுக்கிறது என்று நீக்கிவிட்டார். ஸ்மூத்தோடு ஒட்டியிருந்த அந்த ஒற்றை எச்சரிக்கை வரி, பக்கத்தை அழகுபடுத்தியபோது உதிர்ந்துவிட்டதாம். இப்போது இயந்திரம் வந்திருக்கிறது. உதுமானின் ஐந்தையும் மாரிச்சாமியின் ஒன்றையும் அது அட்சரம் பிசகாமல் படித்திருக்கிறது. படித்துவிட்டு, ஸ்மூத் 'பயனர்களுக்கு நிம்மதி தருகிறது', மானி 'அதிகச் சத்தம் எழுப்புவதாகப் பயனர்கள் தெரிவிக்கின்றனர்' என்று எழுதியிருக்கிறது. பொய் ஒன்றுமில்லை. பழைய தரக்குழு இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பால்கோவாவும் வேண்டாம். கான்சாபுரம் பஸ்ஸில் ஏற மட்டும் இன்னும் படிக்கவில்லை.

கேட்ட நாலு பக்கம் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். இந்தப் பங்குனியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் படி தவறி விழுந்தேன். நெற்றி பிளந்துவிட்டது. பக்கத்திலிருந்த சிறிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் முடிந்ததும் நர்ஸ் அம்மா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் போனார். செத்த நேரம் பொறுக்கச் சொல்லி, கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பொட்டலத்தில் இருந்த பெயரைப் படித்தேன். மாரிச்சாமியுடையது.

"என்ன பாக்கிய? நல்ல துணிதான்" என்றார் நர்ஸ்.

"தெரியும் தாயி. வச்சுக் கட்டுங்க" என்று படுத்துக்கொண்டேன். களஞ்சியத்தில் கடைசி இடத்தில் இருக்கும் மாட்யூல், தேறிவிட்டது என்று சொன்ன துணி. அந்தத் துணிக்குக் கீழே படுத்தது போல் நிம்மதியாக நான் எதன் கீழும் படுத்ததில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா தன் செல்போனை நீட்டினார். "எங்க ஆஸ்பத்திரிக்கு நட்சத்திரம் போட்டுட்டுப் போங்க. அஞ்சு போடுங்க, என்ன?"

நான்கு போட்டேன். கீழே எழுதினேன். 'தையல் நேர்த்தி. வலி தெரியவில்லை. கட்டும் அறையில் மின்விசிறி தாங்க முடியாத சத்தம்.'

படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "நல்லாத்தான பாத்துக்கிட்டோம்?"

"அதனாலதான் தாயி ஃபேனப் பத்தி எழுதுனேன். இல்லைன்னா நான் இங்க வந்தேன்னே ஒருத்தரும் நம்ப மாட்டாவ."

தையல் பிரிக்கப் போன அன்று செவ்வாய்க்கிழமை. அதே அறை, அதே கட்டில். மின்விசிறிச் சத்தமே இல்லை. எண்ணெய் விட்டிருக்கிறார்களா, இல்லை நிறுத்தியே வைத்துவிட்டார்களா என்று சந்தேகம். கட்டைப் பிரிக்கும்வரை தலையைத் தூக்கக் கூடாது என்றார்கள். கையை மட்டும் மேலே உயர்த்திப் பார்த்தேன்.

காற்று வந்தது.